ஆசா ராஜாவின் காலும் என் காலும்

பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. எழுந்த தடவையெல்லாம் 'எல்லாருக்கும் ஸ்தோத்திரம்' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் எங்கள் போதகரின் மனைவி ஐயரம்மா, பேச வராவிட்டால் எழுதிக் கொடுங்கள், சபைப் பத்திரிகையில் போடலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும். சொல்ல வந்தது பாதியில் மறந்தும் போகும். முன்னால் நடந்தது பின்னால் வந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் வாழையும் நெல்லும் வைத்திருக்கிறார். சபையில் மூப்பர்.

போன மழைக்காலத்துக்கு முன்னாலிருந்தே எனக்குத் தாகம் அடங்கவில்லை. சொம்பு சொம்பாகக் குடித்தேன். குடித்ததெல்லாம் உடனே வெளியே போனது. ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. புழக்கடையில் நான் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்ததையும் கண்டேன். வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலையில் வாசல் பெருக்கும்போது சாணி போட்ட தரையில் அங்கங்கே ரத்தம் இருந்தது. கோழிக்குத்தான் கால் அடிபட்டிருக்கிறது என்று ஒவ்வொரு கோழியாகப் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. திரும்பிப் பார்த்தால் நான் நடந்த வழியெல்லாம் புதுத் திட்டு. என் வலது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் கருவேல முள் ஒடிந்து நின்றிருந்தது. எப்போது தைத்தது என்றே தெரியவில்லை. வலியே இல்லை. எனக்கு வந்திருந்த வியாதி முதலில் காலின் உணர்ச்சியைத் தின்றுவிடும் என்பது பிற்பாடு கோயமுத்தூர் டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முள்ளை எடுத்த இடம் ஆறவில்லை. ஊர் வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினார். விரல்கள் கறுத்தன, கால் வீங்கியது, வாடை வந்தது. அவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது பிளவைங்க. எங் கையில இல்லீங்க. கோயமுத்தூருக்குக் கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டார்.

இங்கே என் வீட்டுக்காரரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தக் காரியமானாலும் அவர் ஜெபம் செய்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வேதப்புத்தகத்தை நடுவில் திறந்து விரல் வைப்பார். விரல் எந்த வசனத்தில் படுகிறதோ அதுதான் உத்தரவு. கிணறு வெட்டுகிறவர்கள், பெண் கொடுக்கிறவர்கள், அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்து, "மூப்பரே, வெரலு வெச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். அன்றைக்கும் வைத்துப் பார்த்தார். எழுந்து பெரிய நகரத்துக்குப் போ என்று யோனாவுக்குச் சொல்லப்பட்ட இடத்தில் விரல் பட்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா அம்மணி, கோயமுத்தூருங்கறது மட்டுந்தான் எழுதல" என்றார்.

ஈரோடு வரைக்கும் வண்டி கட்டிப் போனோம். அங்கே ரயில் ஏறி, போத்தனூரில் மாறினோம். என்னைக் கயிற்றுக் கட்டிலோடு சேர்த்துத் தூக்கி இறக்கினார்கள். வெட்கத்தில் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வெகு நேரம் காத்திருந்தோம். அழுகிற குழந்தைகள், இருமுகிற கிழவர்கள், பினாயில் வாடை. என் காலின் வாடைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன். என் வீட்டுக்காரர் மாத்திரம் நகரவில்லை. தன் மேல்துண்டை நனைத்து என் காலைச் சுற்றிக் கட்டி, அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்குத் தின்றார். அந்த முறுக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பிறகு சோதனைகள். என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஒரு நீல மருந்தோடு சேர்த்து நெருப்பில் காட்டினார்கள். சர்க்கரை இல்லாவிட்டால் அது நீலமாகவே இருக்குமாம். கொஞ்சம் இருந்தால் பச்சை. அதிகமானால் மஞ்சள். என்னுடையது செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டி, "பாட்டி, உங்க உடம்புல ஒரு கரும்பாலையே ஓடுதுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

அவர் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். "இது நீரிழிவு. தின்கிற சாப்பாட்டின் சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொள்ள முடியாமல் ரத்தத்திலேயே விட்டுவிடுகிறது. அதனால் புண் ஆறாது. இன்சுலின் என்ற ஊசி மருந்து இருக்கிறது. அது சர்க்கரையைக் குறைக்கும். ஆனால் செத்துப்போன விரல்களை அது உயிர்ப்பிக்காது. இப்போது எடுத்தால் இரண்டு விரலோடு போகும். தள்ளிப்போட்டால் முழங்கால். அதற்குமேல் தள்ளினால் உயிர்."

யோசித்துச் சொல்கிறோம் என்று வீட்டுக்காரர் சொன்னார். அவருடைய யோசனை எது என்று எனக்குத் தெரியும். என்னைப் பெண்கள் வார்டில் படுக்க வைத்ததும், கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபம் செய்தார். கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்தார். விரல் வைத்தார். கண்ணைத் திறந்து வாசித்தவர் முகம் சுண்டிப்போயிற்று.

"என்னங்க?" என்றேன்.

புத்தகத்தை மூடிவிட்டார். திரும்பவும் கேட்ட பிறகுதான் சொன்னார். ஆசா என்ற ராஜாவுக்குக் காலில் வியாதி கண்டது. கொடிய வியாதி. அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான். பிறகு செத்துப்போனான். அதுதான் அந்த இடம்.

வேறெதுவாக இருந்தாலும் நான் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். கால் என்றே எழுதியிருந்ததே! ஆண்டவரே நேரில் வந்து கட்டிலைச் சுட்டிக்காட்டினது போல இருந்தது.

"ஊட்டுக்குப் போயிரலாம் அம்மணி," என்றார். "கர்த்தர் பாத்துக்குவாரு. நாளைக்கு ரயிலுக்குக் கெளம்பிரலாம்."

டாக்டரம்மாவிடமும் காரணத்தை அப்படியே சொன்னார். டாக்டரம்மாவும் வேதம் வாசிக்கிறவர்தான். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மூப்பரே, ஆசா ராஜாவுக்கு வைத்தியம் பார்த்தது யாரென்று எனக்குத் தெரியாது. இந்தக் காலைப் பார்க்கிறவள் நான். நாளை மறுநாள் இதை நான் முழங்காலில் வெட்டும்படி வைத்துவிடாதீர்கள்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். எனக்கு விவாகமானதிலிருந்து அவர் விரல் வைத்துச் சொன்னதை மறுத்து ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆனால் சாக எனக்கு மனமில்லை. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. விசுவாசம் இல்லாதவள் என்று ஆகிவிடுமே என்று போர்வைக்குள்ளே அழுதேன்.

பக்கத்துக் கட்டிலில் கோட்டைமேட்டு ஜவுளி வியாபாரியின் மனைவி இருந்தார். பெயர் ஆமினா. அவருக்கும் சர்க்கரைதான். அவர் வீட்டிலிருந்து வருகிற பாத்திரங்களை நர்ஸ் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். "ஏனுங்கக்கா," என்பார் என்னிடம், "நோம்புல கூட எனக்கு இத்தன காவல் இருந்ததில்லீங்க." நான் அழுததைக் கண்டும் காணாதவர் போல, அன்றைக்கு எனக்காகச் சத்தமாகவே கதை பேசிக்கொண்டிருந்தார்.

அந்தச் சாயங்காலம்தான் என் நாத்தனார் வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. மாமனார் சபையில் சேருவதற்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவர். ஆகவே அவர் வழி பழைய வழிதான். கோயமுத்தூரில் அறுக்கத்தான் சொல்வார்கள் என்று ஊர் வைத்தியர் சொல்லக் கேட்டு, ஒற்றையாளாக ரயிலேறி வந்திருந்தார். இடுப்பில் ஒரு துணி முடிச்சு.

"ஏங்கண்ணு, இப்பிடிக் கெடக்கறயே!" என்று என் காலைத் தொட்டார். அப்புறம் தம்பியைப் பார்த்து முகம் நிறையச் சிரித்தார். "தம்பி, நான் நம்ம ஊரு அம்மங்கிட்டப் பூக் கேட்டுப்போட்டு வாரேன். வெள்ளப் பூவுதான் வந்துது. தைரியமா அறுக்கச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் ஆகாது.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, அதெல்லாம் எங்களுக்கு ஆகாதுங்க. அப்பா காலத்துலயே விட்டாச்சு. நாங்க வேதத்துல பாத்துட்டோம். அறுக்க வேண்டாம்னு வந்துருக்குது."

"வேதத்துல எப்பிடிப் பாத்த?"

"ஜெபம் பண்ணிப்போட்டுக் கண்ண மூடித் தொறந்தனுங்க. வெரலு பட்ட எடத்துல வந்துது."

நாத்தனார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அட, அப்ப நீயும் பூத்தான் கேட்டுருக்கற! எம்பட பூவு எலையில இருந்துது, உம்பட பூவு பொஸ்தகத்துல இருக்குது. இதுக்கா எங்கப்பன் ஊரோட சண்ட போட்டு அந்தப் பக்கம் போனாரு?"

ஆமினா அம்மாள் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டில் குலுங்கியது. என் வீட்டுக்காரர் வேதப்புத்தகத்தைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரம் விசாரித்து வருகிறேன் என்று விடுவிடென்று வெளியே போய்விட்டார்.

நாத்தனார் சொன்னது என் நெஞ்சில் தைத்தது. காலில் தைத்த முள் தெரியவில்லை, இது தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வேதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கத்தானே சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு கடிதம் வந்தால் அதில் கண்ணை மூடி விரல் வைத்து ஒரு வரியை மட்டும் படிப்போமா? ஞானம் போதாதவர்கள் கேட்கலாம், கேட்டதற்காகக் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்று யாக்கோபு எழுதியிருப்பது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் நானாக ஒருநாளும் கேட்டதில்லை. எனக்காகக் கேட்க மூப்பர் இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் கேட்டேன். 'ஆண்டவரே, எனக்குப் புத்தி போதாது, கொஞ்சம் கொடும்.' அவ்வளவுதான் ஜெபம்.

புத்தகத்தை எடுத்து மடிமேல் வைத்தேன். எழுத்து தெரியவில்லை. ஆமினா அம்மாள் தலையணைக்குக் கீழே கையை விட்டு ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினார். "நான் ஓதறதுக்கு வெச்சிருக்கறதுங்க. போட்டுக்கிட்டுப் படிங்க. ஆனா அழுதுக்கிட்டே படிக்காதீங்க, கண்ணாடி நனஞ்சிரும்."

எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து அசைத்து வாசித்தேன். அந்த ஒரு வசனத்தை அல்ல, ஆசாவின் கதை முழுவதையும். ஆரம்பத்தில் அவன் நல்ல ராஜா. கர்த்தரை நம்பிப் பெரிய சேனையை ஜெயித்தவன். பிற்பாடு ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் எடுத்து அந்நிய ராஜாவுக்குக் கொடுத்து அவன் உதவியை வாங்கினான். அது தப்பு என்று சொல்ல வந்த தீர்க்கதரிசியைக் காவலில் போட்டான். ஜனங்களிலும் சிலரைக் கொடுமைப்படுத்தினான். கால் நோவு வந்தது அதற்கும் பிற்பாடு. அப்போதும் அவன் திரும்பவில்லை. வைத்தியர்களைக் கூப்பிட்டது அவன் பாவம் இல்லை. கர்த்தரை விட்டுவிட்டதுதான். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்து நாங்கள் பயந்துவிட்டோம்.

அதோடு இன்னொரு ராஜாவும் ஞாபகத்துக்கு வந்தார். எசேக்கியா. அவருக்கு உடம்பில் வந்ததற்கும் பிளவை என்றுதான் பேர் எழுதியிருக்கிறது, எங்கள் ஊர் வைத்தியர் சொன்ன அதே பேர். அவர் அழுது ஜெபம் செய்தார். கர்த்தர் கேட்டார். கேட்டும், அத்திப்பழத்தை அடையாக்கிப் பற்றுப் போடச் சொன்னார் தீர்க்கதரிசி. சுகமாக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்த ஆண்டவருக்குப் பற்று எதற்கு? ஆனாலும் போட்டார்கள். அவரும் பிழைத்தார்.

வாசித்து முடித்தபோது எனக்கு வேர்த்திருந்தது. பயம் போயிருந்தது.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்து, "காலையில வண்டி இருக்குது" என்றார்.

"ஏனுங்க, நான் வல்லீங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நாத்தனாரும் பார்த்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். ஆசாவின் முழுக் கதையையும், எசேக்கியாவின் பற்றையும், தட்டுத் தடுமாறி, திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியாக, "கர்த்தர் பாத்துக்குவாருன்னு நானும் நம்பறனுங்க. அவரு பாத்துக்கற வழிதான் இந்த டாக்டரம்மாவா இருந்தா, நாம எந்திரிச்சுப் போயிட்டா எப்பிடீங்க?" என்றேன்.

அவர் புத்தகத்தை வாங்கி, தாமே அந்த அதிகாரங்களை ஆரம்பத்திலிருந்து வாசித்தார். பாதியில் மூக்கைச் சிந்தினார்.

"மூப்பனுக்கே பிரசங்கமா?" என்றார்.

"பொண்டாட்டி பேசறதுக்கு இத்தன வருசமாச்சு. கேட்டுக்கடா," என்றார் நாத்தனார். "அப்பறம் எம்பட பூவுஞ் சரின்னுதான் சொல்லுச்சு, மறந்துராத."

"அக்கா, நீங்க சும்மா இருங்க!" என்றார். ஆனால் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் நானும் சிரித்தேன். டாக்டரம்மாவைத் தேடிக்கொண்டு அவரே ஓடினார்.

மறுநாள் அறுத்தார்கள். மேசைமேல் கிடத்தி, முகத்தில் மயக்க மருந்து நனைத்த துணியை வைத்தார்கள். தித்திப்பும் குமட்டலுமான வாடை. மேய்ப்பரைப் பற்றிய சங்கீதத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். புல்லுள்ள இடம் தாண்டினேன், தண்ணீர் தாண்டினேன், இருண்ட பள்ளத்தாக்குக்கு வந்தபோது நினைவு போய்விட்டது. அந்தப் பள்ளத்தாக்கை நான் நடந்து தாண்டவில்லை, யாரோ தூக்கிக்கொண்டுதான் தாண்டியிருக்கிறார்கள். கண் திறந்தபோது நாத்தனார் என் உதட்டில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வெரலுதாங் கண்ணு. முழங்கால் அப்பிடியே இருக்குது," என்றார். அதுதான் நான் கேட்ட முதல் வார்த்தை.

அதற்கப்புறம் ஊசி, கட்டு மாற்றுவது, சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு. கட்டு மாற்றும்போது வலித்தது. அறுத்த இடத்தில் வலி தெரிவது உள்சதைக்கு உயிர் இருப்பதன் அடையாளம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் கத்தினேன், கத்திக்கொண்டே ஸ்தோத்திரமும் சொன்னேன். நாத்தனார் ஊர் திரும்பவே இல்லை. எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காதவர், ஆஸ்பத்திரிக்கு வெளியே புளியமரத்தடியில் தன் பாத்திரத்தில் எனக்குக் கீரையும் மோரும் கேழ்வரகுக் களியும் செய்து கொண்டுவந்தார். வெல்லம் போட வேண்டாம் என்று நர்ஸ் சொன்னதற்கு, "எனக்கே தெரியுமுங்க, எறும்பு என்னமோ எம்பட தம்பி பொண்டாட்டியப் பலகாரம்னு நெனச்சுக்கிச்சு" என்றாராம். அதை வார்டு முழுவதும் சொல்லிச் சிரித்தார்கள்.

தினமும் கண்ணாடிக் குழாயைக் காய்ச்சுவார்கள். செங்கல் மஞ்சளானது. மஞ்சள் பச்சையானது. ஒரு காலை நர்ஸ் குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். போட்ட மருந்து போட்டபடியே நீலமாக நின்றது. ஆமினா அம்மாள் எழுந்து உட்கார்ந்து, "அக்காளுக்கு வானம் வெளுத்துருச்சுங்க!" என்று கை தட்டினார். அவருக்கு அன்றைக்கு மஞ்சள்தான். அப்படியிருந்தும் தட்டினார். அவருக்கும் நீலமாக வேண்டும் என்று இன்றுவரை ஜெபிக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டியதைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தோம். எங்களால் ஆனதை வாங்கிக்கொண்டார்கள். மீதிக்கு வாழைத்தார் வெட்டும்போதெல்லாம் அனுப்பிக் கொண்டிருக்கிறோம். வார்டில் எல்லாரும் தின்கிறார்கள், ஆமினா அம்மாளையும் என்னையும் போன்றவர்களைத் தவிர.

இப்போது கோலூன்றாமல் நடக்கிறேன். செருப்பைத் தட்டிப் பார்க்காமல் போடுவதில்லை. ராத்திரி படுக்கும் முன்பு என் வீட்டுக்காரர் விளக்கைப் பிடித்து என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், பாதத்தில் இன்னும் உணர்ச்சி வரவில்லை, முள்ளோ கொப்புளமோ இருந்தால் எனக்குத்தான் தெரியாதே.

ஊருக்கு வந்த சில நாளில் ஒருவர் கிணறு வெட்டுவதைப் பற்றி விரல் வைத்துப் பார்க்கச் சொல்லி வந்தார். இவர் பாய் விரித்து, "உக்காருங்க. மொதல்ல ரெண்டு பேருமா சேந்து ஒரு அதிகாரம் படிக்கலாம். அப்பறம் தண்ணி பாக்கறவரக் கூட்டிப்போட்டு வந்து கேக்கலாம்," என்றார். வந்தவருக்கு வேலை இருந்ததுபோல, எழுந்துவிட்டார். மூப்பருக்கு வரம் போய்விட்டது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாராம். கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. என் வீட்டுக்காரரோ, "போனாப் போகட்டும் அம்மணி," என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போய்விட்டார். நடையில் ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது.

ஐயரம்மாவுக்கு ஒரு விண்ணப்பம். ஆசாவின் கதையை நாளாகமத்தில் பார்த்தேன், எசேக்கியாவைப் பற்றி ஏசாயாவிலும் ராஜாக்களிலும் இருக்கிறது என்று நினைக்கிறேன், நான் எழுதினது சரிதானா என்று பார்க்க வேண்டும். மருந்தின் பேரையும், குழாயின் நிறங்கள் எந்த வரிசையில் மாறும் என்பதையும், வலி இல்லாத புண்தான் ஆபத்து என்பதையும் டாக்டரம்மாவுக்கு அனுப்பிக் கேட்டுத் திருத்திய பிறகே அச்சுக்குக் கொடுங்கள். எங்கேயோ ஒருத்தி, காலில் ஆறாத புண்ணோடு, போவதா வேண்டாமா என்று இதை வாசித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு நான் ஒரு வார்த்தையும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.